எட்டாவது புள்ளி

அந்தப் பிப்ரவரியில் பதினோரு நாள் கிழக்குக் காற்று நிற்கவே இல்லை. எங்கள் கடலோர ஊரான விதர்ன்ஸீயில் கிழக்குக் காற்று அடித்தால் கடல் பாதி தெருவுக்குள் வந்துவிடும். காலையில் கடை ஜன்னலில் துடைத்த உப்பு மத்தியானத்துக்குள் மறுபடி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஊருக்குத் தெற்கே கேரவன்கள் நிற்கும் மேட்டில் களிமண் கரை நாலடி இடிந்து கடலில் விழுந்தது. சீசன் இல்லாத மாதம். கடற்கரைச் சாலையில் இருந்த விளையாட்டுக் கூடங்களில் ஒன்றுதான் திறந்திருந்தது. அதற்குள்ளும் ஆள் இல்லாமல் பெட்டிகள் தம்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தன.

நான் அப்போது குயின் தெருவில் மீன் பொரியல் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. பக்கத்து வீடு ஸ்டேதர்களுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர்கள் சண்டையை என் சமையலறையில் இருந்துகொண்டே பதினாறு வருஷம் கேட்டிருக்கிறேன். பெரிய சத்தமெல்லாம் இருக்காது. ஊசி குத்துகிற மாதிரி ஒரு வார்த்தை, அதற்குப் பதிலாக இன்னொன்று, அப்புறம் கதவு.

டெஸ் ஸ்டேதருக்கு அறுபத்தெட்டு வயது. அந்தக் காலத்தில் கடற்கரைக் கூடங்களுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் ஊருக்கு வந்த புதிதில் அவற்றைத் தள்ளி வைத்தது, கைப்பிடி மாற்றியது, மாட்டிக்கொண்ட காசை எடுத்தது எல்லாம் அவர். பிறகு அந்தப் பெட்டிகள் பழசாகி, பழசானதாலேயே சிலருக்குப் பொக்கிஷமாகின. பெட்டியின் உயிர் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் இருக்கிறது. அந்தப் போர்டு செத்துப்போனால் அதை லீட்ஸிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் ஏன், கடல் தாண்டியும் நுரைத்தாளில் சுற்றி டெஸ் ஸ்டேதர் பேருக்கு அனுப்பினார்கள். எவ்வளவு மோசமான போர்டையும் எழுப்பிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பெயர். இந்தப் பழைய பெட்டிப் பிரியர்கள் கூடும் விழாக்களில் அவரை மேடையேற்றிப் பேசச் சொல்வார்கள். நன்றாகப் பேசுவார்.

எழுப்பியது அவர் இல்லை. அவர் மனைவி ஏவ்ரில்.

எங்கள் தெருவுக்கு இது தெரியும். தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஏவ்ரில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பக்கத்து நகரமான ஹல்லில் ஒரு டெலிவிஷன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பதினோரு வருஷம், பழுதாகித் திரும்பும் செட்டுகளுக்கான மேஜையில். தொழிற்சாலையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் டெஸ் ஒரு செத்த போர்டை மீன் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். ரொட்டி நறுக்கும் மேஜையில் வைத்து அவள் அதைச் சரிசெய்தாள். நான்தான் செய்தேன் என்று டெஸ் விளையாட்டுக் கூடத்து முதலாளியிடம் சொன்னார். பெண்பிள்ளை தொட்டது என்று தெரிந்தால் அந்த முதலாளி அதைப் பெட்டியில் மாட்டியிருக்க மாட்டார். அதனால் அன்றைக்கு அது இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன பொய். பிறகு எப்போது அது டெஸ்ஸுடைய பொய்யாக மட்டும் ஆனது என்று ஏவ்ரிலுக்கே தேதி தெரியாது. விழாக்களில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நிற்பாள். "இது என் வீட்டுக்காரி. டீ நல்லாப் போடுவா" என்று டெஸ் மேடையிலிருந்து சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். ஒருமுறை அவள் என்னிடம் சொன்னாள், "டோரீன், நான் போடுற டீ நல்லாவே இருக்காது. அதாச்சும் உண்மையா இருந்திருக்கலாம்."

ராட்டர்டாமிலிருந்து சாண்டர் போஸ்மா வந்தது அந்தக் காற்று தொடங்கிய வாரம். நாற்பது வயதிருக்கும், நெட்டை, மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான். நான் அப்போது அவர்கள் சமையலறையில் இருந்தேன். மத்தியானம் மிஞ்சிய மீனைக் கொடுக்கப் போயிருந்தேன். அவன் குழந்தையை இறக்கி வைப்பதுபோல ஒரு போர்டை மேஜைமேல் வைத்தான்.

"மிஸ்டர் ஸ்டேதர், எண்பத்திரண்டுல எங்க ஊர்ல மூணு பேர் சேர்ந்து பண்ணினது. கடைக்கு வர்றதுக்குள்ள கம்பெனியே முங்கிடுச்சு. மொத்தமே ரெண்டு போர்டுதான். இன்னொண்ணு வெள்ளத்துல போச்சு. சின்னப் பையனா இருந்தப்ப எங்க மாமா கூடத்துல இதை ஆடியிருக்கேன். இந்த விளையாட்டு இப்ப உலகத்துல இதுக்குள்ள மட்டும்தான் இருக்கு."

"கரன்ட் குடுத்தா என்ன ஆகுது?" என்று ஏவ்ரில் கேட்டாள்.

அவன் டெஸ்ஸைப் பார்த்துப் பதில் சொன்னான். "திரை முழுக்கக் குப்பையா வருது, மிஸ்டர் ஸ்டேதர். ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ அணைஞ்சு மறுபடி முதல்லேருந்து வருது."

"சத்தம் எதாவது வருதா?"

"சத்தம் இல்ல, மிஸ்டர் ஸ்டேதர்."

"பேட்டரி ஒழுகியிருக்கு. எத்தன வருஷமா இப்படி இருக்குன்னு தெரியுமா?"

"எனக்கு வந்தப்பவே அப்படித்தான் இருந்தது, மிஸ்டர் ஸ்டேதர்."

டெஸ் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், தானே கேட்ட மாதிரி. கடைசியில் சாண்டர் ஒரு நிபந்தனை சொன்னான். சிப்புகளுக்குள் இருப்பதை யாரும் நகல் எடுக்கக் கூடாது. நகல் ஒன்று வெளியே போய்விட்டால் தன்னிடம் இருப்பது வெறும் பலகை. டெஸ் எழுந்து கை நீட்டினார். "என் வாக்கு."

அவன் கார் தெருவைத் தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"வாக்குக் குடுத்தது நீ. நான் குடுக்கல" என்றாள் ஏவ்ரில்.

"நான் குடுத்தா அது இந்த வீட்டு வாக்கு."

"அப்ப வீட்டையே சரிபண்ணச் சொல்லு."

"முப்பது வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரு ஏவ்ரில். உன் பிடிவாதத்துக்குக் கெடுத்துடாத."

"யார் கட்டினது?"

டெஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார்.

அவள் நகல் எடுக்காமல் எந்தப் போர்டையும் தொட்டதில்லை. அந்தக் காலத்துச் சிப்புகளின் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன்மேல் ஒரு ஒட்டுத்தாள். தாள் உரிந்து வெயில் பட்டால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். வெயில் படாவிட்டாலும் முப்பது வருஷத்தில் தானாகவே மறந்துகொண்டு வரும். "சாகக் கிடக்கிறவங்ககிட்ட முதல்ல பேரும் விலாசமும் கேட்டு வச்சுக்கணும். வைத்தியம் அப்புறம்" என்பாள். போர்டில் அப்படி ஆறு சிப்புகள். ஐந்தைச் சாக்கெட்டிலிருந்து நெம்பியெடுத்து, கம்ப்யூட்டரோடு சேர்ந்த சின்ன ரீடரில் வைத்து, அன்றைக்கே படித்து வைத்தாள். ஆறாவது பிடிவாதம் பிடித்தது. மூன்று தடவை படித்தால் மூன்று தடவையும் வேறு வேறாக வந்தது.

அடுத்த சில நாட்கள் நான் கடையில் உருளைக்கிழங்கு தோலுரிக்கும் நேரம் தவிர அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலை பார்ப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பேட்டரி ஒழுகிய இடம் பச்சையாகப் பூத்திருந்தது. என் கடையிலிருந்து வெள்ளை வினிகர் வாங்கிப்போய்ப் பழைய பல் துலக்கியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பச்சைக்கு அடியில் நாலு செம்புக் கோடுகள் அரித்துப்போயிருந்தன. தலைமுடி மாதிரிக் கம்பி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து இணைத்தாள். கரன்ட் கொடுத்தாள். அப்போதும் இரண்டு செகண்டுக்கு ஒருமுறை அணைந்தது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. விரல் நுனியைச் சிப்புகள்மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. ஒன்றில் சட்டென்று கையை எடுத்தாள்.

"இதுதான். மெமரி. எழுதினதப் படிக்க முடியல, அதனால பயந்து திரும்பத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்குது."

புதுச் சிப் மாற்றியதும் திரை அணையாமல் நின்றது. கறுப்புக் கால்வாய், மஞ்சள் படகு, கரையில் ஒரு நாரை. நாரை விலாங்கு மீனைக் கொத்திப் பிடிக்கிற விளையாட்டு. ஆனால் படம் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளி பொய். அவள் ஆறாவது சிப்பைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினாள். படங்கள் அதில்தான் இருந்தன. சிப்பின் இருபத்துநாலு கம்பிக் கால்களில் ஒன்று அரித்து நூலாகியிருந்தது. அந்தக் கால் வழியாக வரவேண்டிய புள்ளிதான் தடுமாறியது.

"புதுக் கால் வைக்கணும். அதுக்கு மெல்லிசுக் கம்பி என்கிட்ட இல்ல. செவ்வாய்க்கிழமை ஹல்லுக்குப் போய் வாங்கிட்டு, அப்படியே தங்கச்சி ரீட்டாவையும் பாத்துட்டு வரேன்."

சிப்பைக் கறுப்பு நுரைத்துண்டில் குத்தி வைத்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"நான் வர்ற வரைக்கும் அதத் தொடாத."

"தொட எனக்கென்ன பைத்தியமா?"

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை பஸ்ஸில் அவள் போனாள். நான் பதினொரு மணிக்குப் பின்முற்றத்தில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வேலையறை ஜன்னல் வழியாக டெஸ் தெரிந்தார். சுத்தமான சட்டை, தலையை வாரியிருந்தார். யாருமில்லாத சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாண்டர் ராட்டர்டாமிலிருந்து போன் செய்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வியாழக்கிழமை கேமராவோடு வருகிறேன், கடைசிச் சிப்பை நீங்கள் சொருகி உயிர் கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். டெஸ் ஒத்திகை பார்த்தார். கை இரண்டு வருஷமாகவே நடுங்கும். நுரையிலிருந்து சிப்பை எடுத்தார், போர்டின்மேல் வைத்து அழுத்தினார், சுவரைப் பார்த்துச் சிரித்தார், ஸ்விட்சைப் போட்டார். ஐந்து செகண்டு. சுட்டதுபோலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஸ்விட்சை அணைத்துவிட்டு வெகுநேரம் குனிந்தே நின்றார். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரால் எதையோ நெம்பினார். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். காற்று அவரைச் சாலையின் குறுக்கே தள்ளியது.

நாலு மணிக்கு ஏவ்ரில் வந்தாள். அரைமணி நேரம் சத்தமே இல்லை. பிறகு என் பின்கதவைத் தட்டினாள். உள்ளங்கையில் அந்தச் சிப். ஒட்டுத்தாளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கண்ணாடி ஜன்னலுக்குள் கடுகளவு கருகிய பழுப்புப் பொட்டு. நூலாக இருந்த காலும் முறிந்துபோயிருந்தது.

"திருப்பிச் சொருகியிருக்கான். தலைமாடு கால்மாடு தெரியாம."

"நான் பாத்தேன்" என்றேன்.

"பாத்தியா?"

"சட்டையெல்லாம் மாத்தியிருந்தாரு. சுவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தாரு."

அவள் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. "முதல் நாள் வேலைக்கு வர்ற பிள்ளைங்க பண்ற தப்பு. சிப்போட ஒரு ஓரத்துல குழி இருக்கும். எந்தப் பக்கம்னு பாத்தாப் போதும். முப்பது வருஷம் என் பக்கத்துல நின்னு அதக்கூடப் பாக்கல."

டெஸ் ஆறு மணிக்கு வந்தார். அன்றைக்குச் சுவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"நான் தொடவே இல்ல."

"ஸ்க்ரூடிரைவர் கீறல் இருக்கு டெஸ்."

"நீ கீறினதா இருக்கும். மூக்குக்கண்ணாடிய மாத்து, மாத்துன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"நான் ஹல்லுல இருந்தேன்."

"போறதுக்கு முன்னாடியே செத்துப்போயிருக்கும். பழைய சிப்பு. அதுவே செத்துருக்கும்."

"சிப்பு தானா எந்திரிச்சு, திரும்பி உக்காந்து, சூடேத்திக்கிச்சா?"

"நான் தொடல. ஆயிரம் தடவ கேட்டாலும் அதான். வியாழக்கிழமை அவன் வர்றான். அதுக்குள்ள என்ன பண்ணணுமோ பண்ணு."

புதன்கிழமை காலையில் போனபோது சமையலறை மேஜை முழுக்கக் கட்டம் போட்ட தாள். டெஸ் முன்னறையில் டெலிவிஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏவ்ரில் பென்சிலோடு குனிந்திருந்தாள். ஆறாவது சிப்பை மூன்று தடவை அரைகுறையாகப் படித்து வைத்தவை கம்ப்யூட்டரில் இருந்தன. எட்டுப் புள்ளியில் ஏழு சரி. எட்டாவதுதான் இல்லை. சிப்பில் இருநூற்றைம்பத்தாறு குட்டிப் படங்கள், ஒவ்வொன்றிலும் எட்டு வரிசை, வரிசைக்கு ஒரு புள்ளி அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

"ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு" என்றாள், தலையைத் தூக்காமல். "எழுத்தும் நம்பரும் சுலபம். 'பி'ன்னா 'பி' எப்படி முடியும்னு தெரியும். படகும் பரவாயில்ல. இந்தச் சனியன் பிடிச்ச நாரைதான். கழுத்து ஒவ்வொரு படத்துலயும் ஒவ்வொரு மாதிரி வளையுது."

"எதுக்கு நீ பண்ற? அவரு பண்ணின வினை, அவரே அவன்கிட்ட சொல்லட்டும்."

"அந்த மனுஷனுக்காகவா பண்றேன்? இது போச்சுன்னா போச்சு டோரீன். உலகத்துலயே இல்ல. யாரோ மூணு பேர் உக்காந்து இந்தக் கழுத்தை வளைச்சிருக்காங்க."

மத்தியானம் இரண்டு பேட்டீஸும் கிழங்கு வறுவலும் கொண்டுபோனேன். மசித்த கிழங்கில் மூலிகை சேர்த்து மாவில் முக்கிப் பொரித்த எங்கள் ஊர்ப் பேட்டீஸ். மேலே சிவப்பு மசாலாத் தூள். இடது கையால் தின்றுகொண்டே வலது கையால் புள்ளி வைத்தாள். டெஸ் உள்ளே வந்து தன் பங்கை எடுத்தார். தாள்களைப் பார்த்தார்.

"வேகமா முடியுமா இது?" என்றார்.

அவள் பென்சிலை வைத்தாள். "எந்தப் பக்கம் குழின்னு சொல்லு. சிப்புல. ஒரே ஒரு தடவ சொல்லு. சொல்லிட்டா நீ தொடலன்னு நம்புறேன்."

அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குத் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவள் புதுச் சிப்பில் எல்லாவற்றையும் ஏற்றி, ஒட்டுத்தாள் ஒட்டி, சொருகி, போர்டை ஓடவிட்டாள். கோடுகள் இல்லை. நாரை கழுத்தை வளைத்துக் கொத்தியது. பதினொன்றரைக்குச் சாண்டர் வந்தான். சமையலறையில் முக்காலியை விரித்து, கேமராவை மாட்டி, சிவப்பு விளக்கு எரியவிட்டான். டெஸ் அதே சட்டையில் நின்றார்; கடைசிச் சிப்பைக் காலையிலேயே சொருகியாயிற்று என்று சொல்லி வைத்தார். தன் பழைய போர்டு வேலை செய்வதை வாசலிலிருந்தே பார்த்துவிட்ட சாண்டருக்கு முகமே மலர்ந்திருந்தது. நான் வாசல் பக்கம் நின்றேன். ஏவ்ரில் டீக் கெட்டிலுக்குப் பக்கத்தில்.

"முதல்ல பேட்டரிங்க" என்று டெஸ் கேமராவிடம் ஆரம்பித்தார். "பச்சை பூத்துருச்சு. வினிகர்தான் மருந்து. அப்புறம் நான் விரலால தொட்டே கண்டுபிடிச்சிடுவேன், எது சூடுன்னு..."

நன்றாகவே பேசினார். எல்லாம் அவள் செய்ததை அப்படியே. சாண்டர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து ஆட ஆரம்பித்தான். ஒரு மீன், இரண்டு மீன். மூன்றாவது மீனில் கையை எடுத்துவிட்டான்.

"அலகு" என்றான்.

"என்னங்க?"

"வாயத் திறக்கும்போது கீழ் அலகு நீளமா இருக்கு. இப்படி இருக்காது. ஒரு புள்ளி கம்மியா இருக்கணும்." போர்டின்மேல் குனிந்தான். ஒட்டுத்தாள்களைப் பார்த்தான். ஐந்தில் பழுப்பேறிய டச்சுக் கையெழுத்து. ஆறாவது வெள்ளை. "இது என் சிப்பு இல்ல."

காற்று கதவை ஆட்டியது.

"என் சிப்பு எங்க, மிஸ்டர் ஸ்டேதர்?"

டெஸ் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "அது... கொஞ்சம் சேதமாயிருச்சு."

"எப்படி?"

"திருப்பிச் சொருகி கரன்ட் போட்டாச்சு."

"யாரு போட்டது?"

டெஸ் ஏவ்ரிலைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையை மறக்க மாட்டேன். கெஞ்சல் இல்லை அதில். எப்போதும் செய்வது போலத் தூக்கி அவள் கையில் கொடுக்கிற பார்வை.

"அவ போட்டா" என்றார்.

"உங்க மனைவியா?"

"ஆமா."

"அவங்க எதுக்கு என் போர்டைத் தொட்டாங்க? நான் உங்ககிட்ட குடுத்தேன். உங்கள நம்பிக் குடுத்தேன். இந்த மாதிரி ஒரு சாமானை வீட்டுல இருக்கிறவங்க கையில கொடுப்பீங்களா?"

"அவளுக்குத் தெரியும் இந்த வேலை."

"தெரிஞ்சவங்க திருப்பிச் சொருகுவாங்களா? நீங்க எங்க இருந்தீங்க? நீங்க ஏன் சொருகல?"

"நான் தொடலங்க. நான் தொடவே இல்ல."

"ஏன் தொடல? உங்க வேலைதான?"

"அவதான் தொடுவா" என்றார் டெஸ். குரல் ஏறிவிட்டது. "எப்பவும் அவதான். நான் எதையும் தொடுறதில்ல. கேட்டுப் பாருங்க, எந்தப் போர்டையும் நான் தொட்டது கிடையாது. முப்பது வருஷமா வந்தது எல்லாத்தையும் அவதான் பண்றா. அப்புறம் நான் எப்படி இதச் சேதம் பண்ணியிருக்க முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சாண்டர் மெதுவாகத் திரும்பினான். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஏவ்ரிலின் முகத்தைப் பார்த்தான்.

"உண்மையா?"

செவ்வாய்க்கிழமை அவள் ஹல்லில் இருந்தாள், டெஸ் சொருகியதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ஏவ்ரில் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாகத் தூக்கினாள். நிறுத்திக்கொண்டேன்.

"ஆமா" என்றாள். "எல்லாம் நான்தான்."

"சிப்பு?"

ஒரு மூச்சு இழுத்தாள். பதினோரு வருஷம் தொழிற்சாலையில் ஒருமுறைகூட அந்தத் தப்பைச் செய்யாதவள்.

"அதுவும்தான்."

"நகலும் எடுத்திருக்கீங்க."

"எடுத்தேன். எடுக்கலன்னா இப்ப இந்த நாரையே இல்ல."

"எனக்கு வாக்குக் குடுத்தாங்க."

"நீங்க என்கிட்ட வாக்குக் கேக்கல. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பக்கம் பாத்துப் பதில் சொன்னீங்க."

அவன் முகம் சிவந்தது. கோபம் தணியவில்லை. குறுக்கு விசாரணை மாதிரி ஆரம்பித்தான். ஏன் திரும்பத் திரும்ப அணைந்தது, எந்த மெமரி, எந்தக் கால், எட்டாவது புள்ளியை எதை வைத்து முடிவு செய்தீர்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல். கட்டம் போட்ட தாள்களை எடுத்து வைத்தாள். அவன் ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். நிறைய நேரம் எடுத்தான். நடுவில் டெஸ் ஏதோ சொல்ல வந்தார். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"அலகு எப்படி இருக்கணும்?" என்று அவள் கேட்டாள்.

அவன் போனில் ஒரு பழைய புகைப்படம் வைத்திருந்தான். மாமாவின் கூடம், பெட்டிமேல் தொற்றிக்கொண்டு ஒரு பையன், திரையில் மங்கலாக நாரை. பென்சிலை வாங்கித் தாளில் ஒரு புள்ளியை அழித்தான், ஒன்றை வைத்தான். அவள் இன்னொன்றை வைத்தாள். "அப்ப இதுவும் மாறணும். இல்லன்னா கொத்தும்போது உடையும்." அவன் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். கால்மணியில் வேறொரு சிப் தயாரானது. அவன் போர்டைச் சுற்றிக் கட்டினான். எரிந்துபோன பழைய சிப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டான். நகலை அவன் கண் முன்னால் அழிக்கச் சொன்னான்.

"மாட்டேன்" என்றாள் ஏவ்ரில். "யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா அழிக்க மாட்டேன். இன்னொரு தடவ இது செத்துச்சுன்னா எங்க போவீங்க?"

அவன் வாசலில் நின்றான். "உங்கள நான் மன்னிக்கல, மிஸஸ் ஸ்டேதர்."

"பரவாயில்ல. பேரு சொல்லித் திட்டுறீங்களே."

கார் போய் வெகுநேரம் கழித்தும் டெஸ் அதே இடத்தில் நின்றார். நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

"நீ சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். முதல் தடவையாக ஒத்துக்கொண்டது அதுதான். "நான்தான் திருப்பிச் சொருகினேன்னு."

"சொல்லியிருந்தா?"

"என்ன சொல்லியிருந்தா? உண்மை தெரிஞ்சிருக்கும். உன் பேர் கெட்டிருக்காது."

"என் பேரா? எது?" அவள் தாள்களை அடுக்கினாள். "சொல்லியிருந்தா, முப்பது வருஷத்துல ஒரே ஒரு தப்புப் பண்ணின மேதை நீ. கை நடுங்குது பாவம்னு சொல்லியிருப்பான். நான் டீ போடுறவளாவே இருந்திருப்பேன். அந்தத் தப்பை எடுத்துக்காம மிச்சத்த எடுத்துக்க முடியாது டெஸ். நீயே ரெண்டையும் சேத்துக் கட்டிக் குடுத்த."

அவர் உட்கார்ந்தார். கிழவனாகத் தெரிந்தார். "கேமராவை அணைக்கச் சொல்லியிருக்கலாம் நீ."

"நான் டீ போடக் கெட்டில் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன்ல."

சாண்டர் அந்தப் படத்தை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே இணையத்தில் போட்டான். ஒரு வாரம் கூத்தாக இருந்தது. முப்பது வருஷமாகப் பெண்பிள்ளை உழைப்பைத் தின்றவன் என்று டெஸ்ஸைக் கிழித்தார்கள். சிப்பைத் திருப்பிச் சொருகத் தெரியாத பொம்பளையா என்று ஏவ்ரிலையும் கிழித்தார்கள். அதை எல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கேட்பாள். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். "திருப்பிச் சொருகின ஏவ்ரில்" என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. அது வருகிற இடத்தில் மட்டும் முகம் கொஞ்சம் இறுகும். நான் உண்மையை எழுதிவிடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும், உன் கிழங்கு கருகுது போ என்றாள்.

கிளப்பில் டெஸ்ஸைப் பார்த்து, டீ ஒண்ணு போடு என்று கத்தினார்கள். அவர் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் இரண்டு பேரும் இருந்தால் இன்னும் மோசமாகத்தான் போனது. ஏப்ரலில் அவள் வேலையறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினாள். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

கரை இன்னும் இரண்டடி உள்ளே வந்துவிட்ட மே மாதத்தில், ஒரு நாள் நான் அவர்கள் சமையலறையில் இருந்தபோது போன் அடித்தது. ஏவ்ரில் உள்ளே சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். டெஸ் எடுத்தார். யாரோ கிளாஸ்கோக்காரர், குரல் எனக்கே கேட்டது. டெஸ் கேட்டுக்கொண்டே நின்றார். பழைய வழக்கத்தில் மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது.

"திரையில என்ன வருது?" என்று கேட்டார். "ஆங்... சத்தம்? சத்தம் இருக்கா?"

அந்த ஆள் ஏதோ கேட்டார். டெஸ் சுவரைப் பார்த்தார். பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டுப் பூட்டிய கதவண்டை போய் இரண்டு தடவை தட்டினார்.

"ஏவ்ரில். உன்னத்தான் கேக்குறாங்க."

உள்ளேயிருந்து சால்டர் புகை வாசனை மட்டும் வந்தது. அவர் மறுபடி தட்டிவிட்டு அங்கேயே நின்றார்.